ஞாயிறு இரவுக் கேள்விகள்

மூன்றாம் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள்.
கடிதத்தில் தற்காலிகம் என்று இருந்தது.
அந்தச் சொல்லுக்குள் காலம் இருக்கிறது,
எவ்வளவு என்பதுதான் இல்லை.

எஸ்கனாபாவில் பிப்ரவரி.
உறைந்த ஏரியின்மேல் லாரி ஓட்டுகிறார்கள்.
காகித ஆலையின் புகைபோக்கி
வானத்தை வானமாகவே விட்டுவைத்திருக்கிறது.
நாற்றமில்லாத காற்றில்
ஊரே கொஞ்சம் பயந்து நடக்கிறது.

ஞாயிறு இரவு பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு
நான், மார்லா கெட்டுனென்,
கணினி முன் உட்கார்ந்து ஒப்புக்கொடுக்கிறேன்.

வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா?
ஆம். திங்களன்று காய்ச்சல்,
யாரும் கூப்பிடவில்லை,
அதனால் அதைக் காய்ச்சலாகக் கணக்கில் வைக்கவில்லை.

வேலை செய்தீர்களா?
பௌலிங் கூடத்தில் மூன்று மாலைகள்.
வாடகைச் செருப்புகளுக்குள் மருந்தடிக்கிறேன்.
ஒன்பது, பதினொன்று, ஏழரை:
முகம் தெரியாத கால்கள்
எண்களாக வந்து சூட்டோடு திரும்புகின்றன.

வந்த வேலையை மறுத்தீர்களா?
முதலாளி சனிக்கிழமையும் வரச் சொன்னார்.
ஆட்ட மதிப்பெண் அட்டையின் பின்புறம் கூட்டிக் கழித்தேன்.
ஆறு மணி நேரத்துக்கு எழுபத்தெட்டு டாலர்,
அதைக் காட்டினால் உதவித்தொகையில் போவது முப்பத்தொன்பது,
பெட்ரோல், மதிய ரொட்டி, வரி.
மீதியில் ஒரு ஜோடி கையுறை வாங்கலாம்,
இரண்டு கைக்கும் கிடைக்குமா என்பது சந்தேகம்.
வீட்டிலேயே இருக்கலாம் என்றுதான் தோன்றியது.
ஆனால் ஞாயிறு இரவு அந்தக் கேள்வி வருமே.
போனேன்.

பக்கத்து வீட்டு டார்வின் ஸ்லோம்ப்
வாசல் பனியை வாரிக் கொடுத்ததற்கு
ஒரு பை பெர்ச் மீன் தந்தார்.
வருமானம் என்ற கட்டத்தில் மீன் என்று அடித்தேன்,
சிவப்பில் அழித்தது. எண் மட்டும் வேண்டுமாம்.
தொலைபேசியில் நாற்பத்தேழு நிமிடம் பியானோ கேட்டபின்
ஒரு பெண் வந்தாள்.
என்ன மீன்?
பெர்ச்.
முள் எடுத்ததா?
எடுத்தது.
அந்தப் பக்கம் யாரோ வயிற்றைப் பிடித்துச் சிரிப்பதும்
அதை இருமலாக மாற்றுவதும் கேட்டது.
உங்களுக்கே பொய்யென்று படாத ஒரு எண்ணைப் போடுங்கள், அம்மா.
பன்னிரண்டு போட்டேன்.
புதன்கிழமை ஆறு டாலர் குறைத்து வந்தது.
மாநில அரசு என்னோடு உட்கார்ந்து
பாதி மீன் சாப்பிட்டிருக்கிறது.

மார்ச்சில் ஆலை கூப்பிட்டது.
வாரம் மூன்று நாள், இப்போதைக்கு.
வாசலில் பழைய ஆட்கள் முதுகில் தட்டிக்கொண்டார்கள்.
மூன்று நாள் என்பதை அங்கே யாரும் உரக்கச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறுதான் புரிந்தது:
பணம் கைக்கு வந்த வாரம் அல்ல,
உழைத்த வாரத்தில் எழுத வேண்டும்.
பிடித்தம் போக மிஞ்சியது அல்ல, பிடிக்கும் முன் இருந்தது.
வராத பணத்தை வந்ததாக எழுதினேன்.
வரம்புக்கு ஒன்பது டாலர் மேலே.
அந்த வார உதவித்தொகை பூஜ்யம்.
சம்பளம் அடுத்த வெள்ளிக்கும் அடுத்த வெள்ளி.
உறைபெட்டியில் மிஞ்சிய பெர்ச்சை
நாலு இரவுக்கு வகுத்தேன்.

பூஜ்யமானாலும் எழுதிக்கொண்டே இரு,
என்றான் ஈரக்கூழ்த் தொட்டியில் நிற்கும் ஓர்வில்.
விட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்,
இவர்கள் மறுபடி நிறுத்தினால்
முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றும் எழுதுகிறேன்.
சட்டையில் கூழ் நாற்றம் திரும்பியிருக்கிறது,
துவைக்கப் போடவில்லை.
கடைசிக் கேள்வி:
முழுநேர வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா?
ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி.
செவ்வாய், புதன், வியாழன் என்பதற்குப்
பெட்டி இல்லை.